வாசலில் எத்தனை செருப்பு

செபஸ்தியம்மாள் அக்கா எந்த வாசலுக்கு வந்தாலும் முதலில் கீழே பார்ப்பார். எங்கள் ஜெராக்ஸ் கடைக்குள் செருப்போடு வரக்கூடாது. மெஷினுக்குத் தூசி ஆகாது என்று ஓனர் சீனுவாசன் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். அதனால் படியில் எந்நேரமும் நாலைந்து ஜோடி கிடக்கும். அக்கா மொபெட்டை நிறுத்திவிட்டு அந்தப் படிக்கு முன்னால் நிற்பார். ஒவ்வொரு ஜோடியாகக் கண் நகரும், உதடு லேசாக அசையும். அவர் எண்ணுகிறார் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. எண்ணி முடித்ததும் சில நாள் உள்ளே வருவார். சில நாள் ஒன்றும் சொல்லாமல் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஏன் வருகிறார், ஏன் போகிறார் என்று தெரியாமலே ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடை திண்டிவனத்தில், தாலுகா ஆபீஸ் போகும் வழியில் இருக்கிறது. என் பெயர் கலை, எட்டாவது வரை படித்தவள். ஒன்பதாவதில் சேர்க்க வேண்டிய வருஷம் தங்கச்சி பிறந்தாள். வீட்டில் ஒரு ஆள் தேவைப்பட்டது, அந்த ஆள் நான்தான். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. ஜெராக்ஸ் கடையில் அது ஒரு குறை இல்லை. எத்தனை காப்பி, ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா, இவ்வளவு கேட்டால் போதும். மீதி நேரமெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஒருவருடைய பேப்பரைப் பார்த்தால் அவர் வாயால் சொல்லாததும் தெரியும். ஒரிஜினல் எது, நகல் எது என்று கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவியே சொல்லிவிடுவேன்.

நான் சொல்லப்போகும் விஷயம் நடந்தபோது செபஸ்தி அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவார். குடியிருப்பது கிளியனூருக்கு அந்தப்பக்கம் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில். தொண்ணூறாம் வருஷம், ஒன்பது வயதில், மன்னாரிலிருந்து படகில் வந்தவராம். இதெல்லாம் அவர் சொன்னதில்லை. அவருடைய முகாம் அட்டையை நகல் எடுக்கும்போது நானே படித்துக்கொண்டது.

மே கடைசியிலிருந்து அவரை அடிக்கடி பார்க்கலாம். பிளஸ் டூ முடித்த முகாம் பிள்ளைகள் ரெண்டு பேர், மூன்று பேர் கூட வருவார்கள். நர்சிங், லேப் டெக்னீசியன், பார்மசி என்று காலேஜ் விண்ணப்பங்களுக்குச் சர்டிபிகேட் நகல் எடுக்க வருவார்கள். மெஷின் சூடாகும்வரை அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது காதில் விழும். அக்கா பத்தாவதிலேயே பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வாராம். சயின்ஸ் குரூப் எடுக்கச் சொல்லிப் பெற்றவர்களோடு சண்டை போடுவாராம். லேபுக்குக் கூட்டிப்போய் அவரவர் ரத்தத்தையே மைக்ரோஸ்கோப்பில் காட்டுவாராம். ஊசியைப் பார்த்து ஒருத்தி மயங்கி விழுந்தால், அடுத்த வாரமும் அவளைக் கூட்டிப்போவாராம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அதுதான் உறுத்தியது. இவருக்கு என்ன வந்தது?

ஏனென்றால் ஜூன் மாதத்தில் எங்கள் கடைக்குப் புரோக்கர்களும் வருவார்கள். நர்சிங் காலேஜில் ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் காலேஜ் அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கும். அவர்களும் நல்லதைத்தான் பேசுவார்கள். அவர்களும் பிள்ளைகளின் ஒரிஜினலை வாங்கித் தங்கள் பையில்தான் வைப்பார்கள், பிள்ளை வேறு காலேஜுக்குப் போய்விடாமல் இருக்க. செபஸ்தி அக்கா பையிலும் ஒரிஜினல்கள்தான் இருந்தன. எந்தப் பிள்ளையும் தன் ஃபைலைத் தானே பிடித்து நான் பார்த்ததில்லை.

இன்னும் சில விஷயங்கள் இருந்தன. நகல் எடுக்கும்போது மெஷினை ஒட்டி நின்று என் கையையே பார்ப்பார். கோணலாக விழுந்த காப்பியைக் குப்பையில் போட விடமாட்டார். வாங்கி எட்டாகக் கிழித்துத் தன் பையில் போட்டுக்கொள்வார். எங்களிடம் எங்கள் ஊர்ப் பேச்சுப் பேசுவார், திரும்பிப் பிள்ளைகளிடம் இலங்கைப் பேச்சுப் பேசுவார். விண்ணப்பத்தில் 'நாடு' என்ற இடத்தைப் பென்சிலால்தான் நிரப்பச் சொல்வார். நேர்மையான ஆளுக்குப் பென்சில் எதற்கு?

எல்லாவற்றையும் விட ஒன்று. கெடாருக்கு அப்பால் உள்ள ஒரு நர்சிங் காலேஜுக்கு ஆள் பிடிக்கும் ஸ்டீபன்ராஜ் எங்கள் ஓனருக்குச் சிநேகிதர். வெள்ளைச் சட்டை, ரெண்டு போன், பளபளவென்று பூட்ஸ். அவர் கடையில் இருக்கும்போது செபஸ்தி அக்கா ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. ரெண்டு பேரும் நேரம் பிரித்துக்கொண்டு வருகிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

ஓனரும் அப்படித்தான் சொல்வார். "அவரு பூட்ஸ் போட்ட புரோக்கரு, இந்தம்மா செருப்பு எண்ணுற புரோக்கரு. தொழிலு ஒண்ணுதான், கலை."

ரெண்டு வருஷத்துக்கு முந்திய ஜூனில் அக்கா ஆஷ்லின் என்ற பிள்ளையைக் கூட்டிவந்தார். ஒல்லியான பெண். கடையில் எந்தப் பேப்பர் கிடந்தாலும் தலைகீழாகவே படித்துவிடுவாள். பயாலஜியில் தொண்ணூற்று நாலு. பி.எஸ்சி. நர்சிங்தான் படிப்பேன் என்று பத்தாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவளாம். விழுப்புரத்தில் ஒரு காலேஜுக்கான விண்ணப்பத்தை நகல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நாலு நாள் கழித்து அக்கா மட்டும் வந்தார். உள்ளே வந்தவருக்குப் போன் வந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, குரலைத் தணித்துப் பேசினார். நான் ஸ்டேப்ளரில் பின் போடுவதுபோல் நின்றேன்.

"ஓம், காலேஜ்காரன் பிள்ளைக்கு நல்லாப் பேசிப்போட்டான். நானும் பக்கத்தில நிண்டனான். இனி நான் அவனை விடமாட்டன்."

எங்கள் ஊரில் வீட்டுக்கு, மாட்டுக்கு, மாப்பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் பேசுவார்கள். பேசிவிட்டால் விலை முடிந்தது என்று அர்த்தம். அந்த ஒல்லிப் பெண்ணுக்குப் பேசிவிட்டார்கள்.

மறுநாள் ஆஷ்லினின் அம்மா ரெஜினா முகாம் அட்டையை நகல் எடுக்கத் தனியாக வந்தார். ஓனர் சாப்பிடப் போயிருந்தார். பெண்ணின் பெயரை அட்டையில் பார்த்ததும் யார் என்று தெரிந்துகொண்டேன். மெஷின் வெளிச்சம் போய்த் திரும்பி வருவதற்குள் வாயைத் திறந்துவிட்டேன்.

"உங்க பொண்ணு பேப்பருல்லாம் யாருகிட்ட இருக்குதுங்க?"

"செபஸ்தியிட்ட. ஏன் பிள்ளை?"

"ஒரிஜினலா?"

"ஓம்."

"வாங்கி வச்சிக்கங்க. காலேஜ்காரங்க கிட்ட பேரம் பேசிட்டாங்க. என் காதால கேட்டேன்."

அவர் அட்டையையும் நகலையும் அவசரமாகப் பையில் திணித்தார். வாயாடி ஒருத்தி சொல்லியிருந்தால் யோசித்திருப்பார். நான் சொன்னதால் நம்பிவிட்டார். நான் கேட்டது 'பேசிப்போட்டான்' என்ற ஒரு சொல். சொன்னது பேரம். நடுவில் அது எப்போது மாறியது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்து, சாயந்திரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன்.

பத்து நாள் கழித்து ஸ்டீபன்ராஜ் ஒரு பெரிய கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"முப்பத்திரண்டு செட்டு பாப்பா. எல்லாம் ஒரிஜினல், பாத்து எடு. கலர்ல மூணு மூணு காப்பி. இந்த லிஸ்டு ஒண்ணு, அதுல பத்து காப்பி. ஜல்தியா வேணும், இன்ஸ்பெக்ஷன் வருது. நானும் உன் ஓனரும் சாப்ட்டு வந்துடறோம்."

ரெண்டு பேரும் போனார்கள். முதலில் லிஸ்டை எடுத்தேன். கட்டில் எண், பெயர், வயது, என்ன வியாதி என்று நாற்பது வரி. அனுமதி கொடுக்க ஆய்வுக்கு வருகிறவர்களிடம் காட்ட, காலேஜோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிகள் பட்டியல். பதினேழாவது கட்டிலில் கண் நின்றது. அம்சா, ஐம்பத்தெட்டு, கிடங்கல் தெரு, மஞ்சள் காமாலை.

அம்சா எங்கள் கடைக்கு வெளியே உட்கார்ந்து பூ கட்டுகிறவர். அந்த நேரத்திலும் அங்கேதான் இருந்தார்.

"அம்சாக்கா, உனக்கு ஒடம்பு சரியில்லையா?"

"எனுக்கின்னா? கல்லு மாரி கீறேன்."

"மஞ்ச காமாலைன்னு எழுதிக்கீது."

"ஓ, அதுவா!" என்று நூலைப் பல்லால் கடித்தார். "இந்த வாட்டி காமாலையா? போன வாட்டி கர்ப்பப்பைல கட்டின்னாங்க. அவனுங்களா எதுனா எழுதிக்குவானுங்க. வேன் வரும், கூட்டிக்கினு போவும். கட்டில்ல படுத்துக்கினு இருக்கணும். கையில ஊசி மாரி ஒட்டுவாங்க, குத்த மாட்டாங்க. மத்தியானம் பிரியாணி. சாயங்காலம் கொண்டாந்து உட்டுடுவாங்க."

"யாராச்சும் வந்து கேட்டா?"

"முனகணும். சிரிக்கக் கூடாது, அது ஒண்ணுதான் பேஜாரு. பக்கத்து கட்டில்ல எங்க நாத்தனாரு. அவ மூஞ்சியப் பாத்தா சிரிப்பு வந்துடுது." பிறகு குரலைக் குறைத்தார். "செருப்ப மட்டும் வேன்லயே உட்டுட்டு எறங்கச் சொல்றாங்க. மொசைக் தரை, காலு ஜில்லுன்னு ஏறுது. அதுக்குத்தான் இந்த வாட்டி சாக்ஸ் எடுத்துக்கினு போலாம்னு கீறேன்."

"அப்ப அங்க நெசமா நோயாளி யாரும் இல்லியா?"

"நாங்கதான்டி நோயாளி," என்றார்.

உள்ளே வந்து கட்டைப் பிரித்தேன். பன்னிரண்டாவது செட் ஆஷ்லினுடையது. பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., ரெண்டும் ஒரிஜினல். செபஸ்தி அக்காவிடமிருந்து ரெஜினா வாங்கிய ஃபைல் நேராக இங்கே வந்திருக்கிறது. நான் வாங்கச் சொன்ன ஃபைல்.

டி.சி. இல்லாமல் எந்தக் காலேஜிலும் சேர்க்கமாட்டார்கள். ஒருமுறை இந்தக் கட்டோடு போய்விட்டால் நாலு வருஷம் அந்தப் பிள்ளை அந்தக் காலேஜைவிட்டு நகரமுடியாது. நோயாளியே இல்லாத ஆஸ்பத்திரியில் யாரைத் தொட்டு நர்ஸ் வேலை பழகுவாள்? அம்சாக்காவின் நாத்தனாரையா?

சர்டிபிகேட்டுக்கு என்று வைத்திருக்கும் கெட்டித் தாள் அலமாரியில் இருந்தது. ரெண்டையும் அதில் கலரில் எடுத்தேன். டி.சி.யின் மூலையில் பள்ளிக்கூடத்துக்காரர் போட்ட பேனாப் புள்ளிகூட விழுந்தது. நகலைச் செட்டில் வைத்தேன். ஒரிஜினலை என் துப்பட்டாவுக்குள் வைத்து, ஊக்குப் போட்டேன். பிறகு மீதி முப்பத்தொரு செட்டையும் சொன்னபடி எடுத்து முடித்தேன். அந்த முப்பத்தொன்றும் ஒரிஜினல்கள்தான். எனக்கு அது தெரியும். ஒன்றுக்குத்தான் எனக்குத் தைரியம் இருந்தது.

ஸ்டீபன்ராஜ் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். கட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் சீட்டுக்கட்டு மாதிரி ஓட்டினார். பன்னிரண்டைத் தாண்டும்போது நான் மெஷின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் காகிதத்தைத் தடவிப் பழக்கமில்லை போல. "கரெக்டா கீது," என்று ஓனரோடு பேச உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வெளியே மொபெட் வந்து நின்றது. செபஸ்தி அக்கா. படிக்கு முன்னால் நின்றார். செருப்புகளை எண்ணினார். ஸ்டீபன்ராஜின் பூட்ஸ் நடுவில் பளபளவென்று இருந்தது. அதன்மேல் அவர் கண் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மொபெட்டைத் திருப்பினார்.

ஒன்பது வருஷமாக இதைப் பார்த்து, நேரம் பிரித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தவள் நான். அவர் அந்த ஆளைக் கண்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார்.

தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். முனையில் லாரிக்காக மொபெட் நின்றிருந்தது. "அக்கா!" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நான் நீட்டிய ரெண்டு தாளையும் அவர் வாங்கவில்லை. முதலில் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"இது ஆருடையது?"

"ஆஷ்லினோடது. ஸ்டீபன்ராஜு கட்டுல இருந்து எடுத்தேன். ஒரிஜினல்."

வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். எங்கள் ஊர்ப் பேச்சை விட்டுவிட்டு என்னிடமும் தன் பேச்சிலேயே கேட்டார். "ஆர் சொல்லி எடுத்தனி? உன்ர ஓனரோ? களவு எடுத்த சர்டிபிகேட்டோட என்னைப் பிடிச்சுக் குடுக்கிறதுக்கோ?"

"இல்லக்கா, நானாத்தான்..."

"எனக்கு ஒரு கேஸ் விழுந்தா நான் ஒருத்தி மட்டும் மாட்டுறதில்லை, பிள்ளை. பிறகு முகாமில ஒரு பிள்ளைக்கும் நன்னடத்தைச் சர்டிபிகேட் கிடைக்காது. தெரியுமோ உனக்கு?" ஆனாலும் தாளைத் திருப்பித் தரவில்லை. "நான் உன்ர கடையில நகல் எடுத்திட்டுப் போனா, அடுத்த நாளே அந்தப் பிள்ளையின்ர வீட்டுக்குப் புரோக்கர் போன் பண்ணுறான். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான். அவனிட்டப் போகக் கூடாது எண்டுதான் ஒரிஜினலை என்ர பையில வைக்கிறன். எங்கட நம்பர் எங்கேயிருந்து போகுது? உன்ர கையிலயிருந்து எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. நர்சிங் விண்ணப்பம் எது வந்தாலும் கடைக்கு என்று ஒரு காப்பி கூடுதலாகப் போட்டு டிராயரில் வைக்கச் சொல்லியிருந்தார் ஓனர். கணக்குக்கு என்றார். போட்டு வைத்தது நான்தான். சாயந்திரம் அவர் அதிலிருந்து போன் நம்பர்களைக் குறிப்பதையும் பார்த்திருக்கிறேன். ரெஜினாவுக்கும் ஸ்டீபன்ராஜின் போன் அப்படித்தான் போயிருக்கும். ஏன் என்று கேட்டதில்லை. அக்கா கோணல் காப்பியைக் கிழித்துக்கொண்டிருந்தபோதெல்லாம் நேர் காப்பி என் டிராயரில் இருந்தது.

அதை அப்படியே சொன்னேன். பிறகு ரெஜினாவிடம் நான் சொன்னதையும் சொன்னேன். போனில் அக்கா பேசியதைக் கேட்டேன் என்றும், காலேஜ்காரர் பேசிவிட்டதாக அவர் வாயாலேயே சொன்னார் என்றும்.

அவர் என்னையே பார்த்தார். "பேசினது எண்டா ஏசினது, பிள்ளை. திட்டினது. சாதிச் சான்றிதழ் இல்லாமல் ஏன் வந்தனி எண்டு அந்தக் கிளார்க் பிள்ளையை அழ வைச்சவன். எங்களுக்கு அதைத் தரமாட்டினம் எண்டு சொன்னாலும் கேக்கேல்லை. அதைத்தான் சொன்னனான்." லாரி போய்விட்டது. அவர் நகரவில்லை. "உங்கட ஊரில பேசினா கலியாணம் முடியும். எங்கட ஊரில பேசினா அழுகைதான் வரும். முப்பது வருஷமா இங்க இருக்கிறன், எனக்கும் அது விளங்கேல்லைப் பார்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு. அந்தக் காலேஜ் பற்றி எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அம்சாக்காவின் மஞ்சள் காமாலையைச் சொன்னேன். வேனில் செருப்பை விடச் சொல்வதைச் சொன்னதும் மொபெட்டின் எஞ்சினை நிறுத்தினார்.

அவருக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது முகாமுக்கு ஒரு வேன் வந்ததாம். முகாம்காரர்கள் வெளியே சொல்லமாட்டார்கள் என்று அங்கேயே வந்து ஆள் எடுத்தார்களாம். இவருக்கு டைபாய்டு என்று எழுதியிருந்தது. கையில் டேப் ஒட்டிப் படுக்கவைத்தார்கள். ஆய்வுக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர் கட்டிலருகே நின்று, சாப்பிட்டாயா அம்மா என்று அன்பாகக் கேட்டாராம். இவர் முனகினார். அவர் எழுதிக்கொண்டு போனார்.

"அண்டைக்கு வார்டு வாசலைப் பார்த்தன். நாப்பது நோயாளி உள்ள படுத்திருக்கினம். வாசலில ஒரு செருப்பு இல்லை. ஒண்டே ஒண்டு இல்லை. அந்த மனுசன் குனிஞ்சு பார்த்திருந்தா விளங்கியிருக்கும். அவர் பார்க்கேல்லை."

அந்தக் காலேஜுக்கு அனுமதி கிடைத்தது. ரெண்டு வருஷம் கழித்து இவருடைய தங்கச்சி அதே காலேஜில் சேர்ந்தாள். தான் அங்கே படுத்திருந்ததை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு இவர் சொல்லவில்லை. தங்கச்சி நாலு வருஷம் பொம்மைக்கு ஊசி போட்டாள். வேலைக்குப் போன முதல் ஆஸ்பத்திரியில் ஒரு கிழவருக்கு நரம்பு பிடிக்கத் தெரியாமல் ஆறு இடத்தில் குத்தினாள். அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். இப்போது புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் இருக்கிறாள்.

இதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை. ரத்தக் குழாய்களை அடுக்கி வைக்கும் பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"மற்றப் பிள்ளைகள்?" என்றார் திடீரென்று. "அந்தக் கட்டுக்குள்ள எத்தனை செட் இருந்தது?"

"முப்பத்திரண்டு."

"நீ எடுத்தது?"

"ஒண்ணு."

அவர் தலையை ஆட்டினார். அது கோபமா, கணக்கா தெரியவில்லை. பையிலிருந்து ஒரு பழைய பில் புத்தகத்தை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினார். "பேர் சொல்லு. ஊர் சொல்லு. நினைவிருக்கிற வரைக்கும்."

எனக்குப் பேப்பர் மறக்காது. பதினெட்டுப் பெயர் சொன்னேன். எந்தப் பள்ளிக்கூடம், அப்பா பெயர் என்ன என்பது வரை வந்தது. அதில் ஐந்து பேர் முகாம் பிள்ளைகள்.

அடுத்த நாளே ஆஷ்லினைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் போனோம். அந்தக் காலேஜில் விண்ணப்பத்துக்கு அது கடைசி நாள். நான் வயிற்றுவலி என்று லீவு போட்டிருந்தேன். ரெஜினாவும் வந்தார். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை என்னோடு பேசவில்லை. எங்கள் ஊர் அர்த்தத்திலும் பேசவில்லை, அவர்கள் ஊர் அர்த்தத்திலும் பேசவில்லை.

காலேஜ் ஆபீசுக்குப் போகாமல் அக்கா முதலில் அதன் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனார். மணி பத்து. புறநோயாளிகள் பகுதிக்கு வெளியே செருப்புகள் படியில் கொள்ளாமல் மண்ணில் கிடந்தன. வார் அறுந்து ஊக்குப் போட்டது, ஒருபக்கம் தேய்ந்தது, நடந்தால் விசில் அடிக்கும் குழந்தைச் செருப்பு ஒன்று, ஜோடி இல்லாத ஒற்றை ஒன்று.

"அறுபத்தி மூண்டு," என்றார் அக்கா. "ஒற்றையை விட்டிட்டு. இதுக்கு முதல் ரெண்டு தரம் வந்து எண்ணினனான். ஐம்பதுக்குக் குறையேல்லை."

"ஒற்றை?" என்றாள் ஆஷ்லின்.

"ஒரு காலில கட்டுப் போட்ட ஆளா இருக்கும். போய்ப் பார்த்துச் சொல்லு."

அவள் நிஜமாகவே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஓம் அன்ரி, சர்க்கரைப் புண்," என்றாள். அவள் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை.

அதே கிளார்க் அன்றைக்கும் பேசினான், அவர்கள் ஊர்ப் பேச்சு. 'சாதி' என்ற இடம் காலி, 'நாடு' என்ற இடத்தில் பென்சில். இது என்ன ஸ்கூல் பிள்ளை நோட்டா என்றான். அக்கா பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். முகாம் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் தேவையில்லை, முகாம் அட்டை போதும் என்று தாசில்தார் ஆபீசில் கையெழுத்து வாங்கிய கடிதம். நாலு தடவை அலைந்து வாங்கினாராம். விடமாட்டேன் என்று போனில் சொன்னது அதைத்தான். 'நாடு' என்ற இடத்தில் சில காலேஜ் இலங்கை என்று கேட்கும், சில காலேஜ் அகதி என்று கேட்கும், அடித்துத் திருத்தினால் விண்ணப்பத்தையே தள்ளிவிடுவார்கள் என்பதால் பென்சில். அவன் இலங்கை என்றான். ஆஷ்லின் அழவில்லை. பேனாவை வாங்கி எழுதினாள். டி.சி.யை அவன் கையில் கொடுக்கும் முன் அக்கா என்னைப் பார்த்தார். நான் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டுத் தலையசைத்தேன்.

பில் புத்தகத்தில் எழுதிய மற்றப் பதினெட்டு வீடுகளுக்கும் நம்பர் விசாரித்து அந்த வாரமே போன் செய்தோம். சில வீடுகளுக்கு அக்கா மொபெட்டிலேயே போனார். கெடாரில் ஒரு அப்பா வாசலிலேயே நிறுத்தி, "நீ எந்தக் காலேஜு புரோக்கரும்மா?" என்று கேட்டாராம். மூன்று வீடுகளில் மட்டும் நம்பினார்கள். அந்த மூன்று அப்பாக்களும் சேர்ந்து காலேஜுக்குப் போய்ச் சத்தம் போட்டு டி.சி.யைத் திரும்ப வாங்கினார்கள்.

ஆஷ்லின் செட்டில் இருப்பது நகல் என்று தெரிந்த அன்று ஸ்டீபன்ராஜ் கடைக்கு வந்து கத்தினார். ஓனரும் கத்தினார். நான் எப்போதும்போல் நின்றேன். பேசாத ஆளிடம் எவ்வளவு நேரம்தான் கத்த முடியும்? மெஷினில் மாறியிருக்கும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். டிராயருக்குக் கூடுதல் காப்பி போடுவதை அன்றோடு நிறுத்தினேன். ஓனர் ரெண்டு தடவை கேட்டார். மறந்துவிட்டது என்றேன். மூன்றாவது தடவை அவரே நின்று எடுத்துக்கொண்டார். அதனால் அக்கா பிள்ளைகளோடு வரும் நாளில், ஓனர் இருந்தால் நான் என் செருப்பைப் படியில் தலைகீழாகப் போட்டு வைக்கிறேன். அவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

ஆஷ்லின் இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறாள். நரம்பு பிடிப்பதில் கெட்டி என்று சொல்கிறார்கள். ரெஜினா கடைக்கு வருவதில்லை. அம்சாக்கா போன மாதம் இருதய நோயாளியாகப் போய்வந்தார், சாக்ஸ் போட்டுக்கொண்டு. செபஸ்தி அக்கா இந்த வருஷம் நாலு பிள்ளைகளைக் கூட்டிவந்தார். கோணல் காப்பியை இப்போதும் என் கையிலிருந்து வாங்கி எட்டாகக் கிழிக்கிறார். ஸ்டீபன்ராஜின் காலேஜ் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கட்டுக்குள் சர்டிபிகேட் இருந்த முப்பத்திரண்டு பேரில் நாலு பேர் வெளியே வந்தார்கள், இருபத்தெட்டு பேர் அங்கேதான் படிக்கிறார்கள்.